நீரும் மின்சாரமும்: ஐதராபாத் நகரில் ஒரு விதியின் வரலாறு

தமிழ்நாட்டை விட்டு வேறு மாநிலத்தில் குடியேறும் அன்பர்கள் புதிய வீடு பார்க்கச் செல்லும்பொழுது எவற்றையெல்லாம் கவனிக்கிறார்கள்? தண்ணீர் வருமா என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் அருகில் இருக்கிறதா, காய்கறிச் சந்தை எவ்வளவு தூரம், அண்டை அயலார் எத்தகையவர் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். குளியலறைக் கதவைத் திறந்து பார்த்து, வெந்நீருக்கு வசதி உண்டு என்று கண்டவுடன் மனநிறைவு கொள்கிறார்கள். ஆனால் அந்த வெந்நீர்க் கருவியின் பிளக் எந்த உயரத்தில் இருக்கிறது, அதன் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பவர் நூற்றில் எத்தனை பேர்?

கூழானாலும் குளித்துக் குடி என்பது நம் முன்னோர் வாக்கு. தென்பாண்டிச் சீமையிலோ தஞ்சைப் பகுதியிலோ பிறந்து வளர்ந்தவர்க்கு மார்கழி மாதத்திலும் ஆற்றுநீர் பொறுக்கும். ஐதராபாத் அப்படியன்று. தக்காணப் பீடபூமியின் மேட்டில் அமைந்த அந்நகரில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் விடியற்காலை குளிர் நம்மவர் உடலுக்குப் புதியது. அங்குச் சென்ற தமிழ்க் குடும்பம் முதல் குளிர்காலத்திலேயே வெந்நீருக்கு வழி தேடுகிறது. ஈரமும் மின்சாரமும் ஓர் அறைக்குள் சந்திப்பது அப்பொழுதுதான். அந்தச் சந்திப்பை ஒழுங்குபடுத்த எழுந்த விதிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஐதராபாத் நகரை முன்வைத்துச் சிறிது சிந்திப்போம்.

முதலில் தண்ணீரின் கதையைப் பார்ப்போம். முற்காலத்தில் குளியல் என்பது வீட்டுக்குப் புறம்பான செயல். நம் ஊர்களில் ஆற்றுத்துறை, குளக்கரை, கிணற்றடி ஆகியவையே குளிக்கும் இடங்கள். நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மட்டுமே வெந்நீர். அதற்கெனக் கொல்லைப்புறத்தில் ஓர் அடுப்பும் ஒரு செப்புத் தவலையும் இருக்கும். தக்காணத்து வீடுகளிலும் விறகு எரித்து நீர் காய்ச்சும் செப்புப் பாத்திரமே பயன்பட்டு வந்தது. விறகு அடுப்பு கையைச் சுடும். ஆனால் தன் ஆபத்தைக் கண்ணுக்குக் காட்டிவிட்டே சுடும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருகி ஐதராபாத் நகரை அழித்தது. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். அந்தப் பெரும் துயருக்குப் பின் நிஜாம் அரசாங்கம் பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவை அழைத்தது. வெள்ளத்தைத் தடுக்கவும் நகரின் கழிவுநீரை ஒழுங்குபடுத்தவும் அவர் திட்டம் வகுத்தார். மூசி ஆற்றில் உஸ்மான் சாகர் நீர்த்தேக்கம் 1920ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதன் கிளையாற்றில் ஹிமாயத் சாகர் 1927ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. வெள்ளத்தைத் தடுக்க எழுந்த அணைகளே நகருக்குக் குடிநீரும் தந்தன. குழாய் தெருவுக்கு வந்தது. தெருவிலிருந்து முற்றத்துக்கு வந்தது. முற்றத்திலிருந்து சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வந்தது. கிணற்றடியில் இருந்த குளியல், கூரைக்கடியில் நான்கு சுவர்களுக்குள் புகுந்தது.

மின்சாரத்தின் கதையும் ஏறக்குறைய அதே காலத்தது. கல்கத்தா நகரில் 1899ஆம் ஆண்டில் மின்விநியோகம் தொடங்கியது. சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியின் ஆற்றலால் 1905ஆம் ஆண்டில் பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தன. சென்னையில் 1895ஆம் ஆண்டிலேயே டிராம் வண்டிகள் மின்சாரத்தால் ஓடின. வீடுகளுக்கான விநியோகம் 1910ஆம் ஆண்டை ஒட்டி வளர்ந்தது. ஐதராபாத்தில் பலக்நுமா போன்ற அரண்மனைகள் தம் தேவைக்கு மின்விளக்குகளை முன்னரே பெற்றுவிட்டன; பலக்நுமாவின் பெரிய சுவிட்ச் பலகையைப் பற்றி இன்றும் பேசுவார்கள். பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கும் நோக்குடன் நிஜாம் அரசின் மின்சார இலாகா 1910ஆம் ஆண்டு வாக்கில் அமைந்தது. 1920ஆம் ஆண்டில் உசேன் சாகர் ஏரிக்கரையில் நிலக்கரியால் இயங்கும் மின்நிலையம் எழுந்தது. சிங்கரேணிச் சுரங்கங்களை உடைய நாட்டுக்கு நிலக்கரிப் பஞ்சம் இல்லை. அந்நிலையம் பிற்காலத்தில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. புகைபோக்கிகள் நின்ற கரையில் இன்று மக்கள் மாலையில் உலவுகின்றனர்.

இங்கே ஓர் ஒற்றுமையைக் காண்கிறோம். உஸ்மான் சாகர் நிறைவெய்தியதும் உசேன் சாகர் மின்நிலையம் எழுந்ததும் ஒரே 1920ஆம் ஆண்டில். நீர் ஒரு குழாய் வழியாகவும் மின்சாரம் ஒரு கம்பி வழியாகவும் அந்நகரத்து வீடுகளை நோக்கிப் புறப்பட்டன. அவை இரண்டும் ஒரே அறையில் சந்திக்கும் நாள் வரும் என்பதை அன்று எண்ணியவர் சிலரே.

அக்காலத்து மின்சாரம் பெரும்பாலும் விளக்குக்கே உரியது. குளியலறையில் ஒரு சிறிய விளக்கு தொங்கும். அதன் சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்கும். மரச்சட்டத்துக்குள்ளோ பீங்கான் கட்டைகளின் மேலோ ரப்பர் உறையிட்ட கம்பிகள் ஓடின. ரப்பர் காலப்போக்கில் காய்ந்து வெடிக்கும்; மரம் ஈரத்தில் ஊறி உப்பும். எனினும் விளக்கு எட்டாத உயரத்தில் இருந்ததால் அபாயமும் எட்டாத உயரத்திலேயே இருந்தது. வெந்நீர்க் கருவி வந்தபொழுதுதான் கம்பி மனிதன் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது.

இனி, விதிகள் எவ்வாறு தோன்றின என்று காண்போம். மின்கம்பி அமைப்பதற்கான முதல் விதிகள் 1882ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் எழுந்தன. தந்திப் பொறியியலாளர் சங்கம் அவற்றை வெளியிட்டது. அவ்விதிகளின் தலைப்பே, மின்விளக்கால் நேரும் தீ விபத்தைத் தடுப்பது பற்றியது. நெருப்பால் வீடு எரிந்துவிடுமோ என்பதே அன்றைய அச்சம். காப்புறுதிக் கழகங்களும் அந்த அச்சத்தாலேயே விதிகளை வற்புறுத்தின. மனித உடலில் மின்சாரம் பாய்வதைப் பற்றிய கவலை சிறிது சிறிதாகவே வளர்ந்தது.

நம் நாட்டில் 1887ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், உயிருக்கும் உடைமைக்கும் காப்பளிப்பதைத் தன் நோக்கமாகக் கூறியது. 1903ஆம் ஆண்டில் விரிவான சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம் 90 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம் சமஸ்தானங்களில் தானாகவே செல்லாது. ஐதராபாத் சமஸ்தானம் தன் நாணயம், தன் ரயில், தன் மின்சார இலாகா என்று தனித்தே இயங்கியது. 1948ஆம் ஆண்டு செப்டம்பரில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஆந்திரப் பிரதேசம் பிறந்து, ஐதராபாத் அதன் தலைநகராயிற்று. அதே 1956ஆம் ஆண்டில்தான் இந்திய மின்சார விதிகளும் புதிதாக வகுக்கப்பட்டன. சென்னை வீட்டுக்கும் ஐதராபாத் வீட்டுக்கும் ஒரே விதி என்னும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

அந்த 1956ஆம் ஆண்டு விதிகளில் இல்லறத்தார் அறிய வேண்டியவை சில உண்டு. 33ஆம் விதி, மின்சாரம் வழங்குவோர் நுகர்வோரின் இடத்தில் நிலத்தோடு இணைந்த ஒரு முனையை அமைத்துப் பேண வேண்டும் என்றது. வயர்மேன்கள் எர்த் என்று சொல்வது இதனையே. 45ஆம் விதி, மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில், வீட்டில் மின்வேலை செய்ய வேண்டும் என்றது. விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றும் சிறு வேலைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. 48ஆம் விதி கசிவைப் பற்றியது. வீட்டுக்கு வழங்கப்படும் உச்ச மின்னோட்டத்தில் 5,000இல் ஒரு பங்குக்கு மேல் கசிவு இருப்பின் இணைப்புத் தரலாகாது என்று அது வரையறுத்தது. 5 ஆம்பியர் பெறும் வீட்டில் கசிவு 1 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது இதன் பொருள்.

44ஆம் விதியும் குறிப்பிடத்தக்கது. மின்நிலையம், தொழிற்சாலை முதலிய இடங்களில், மின்தாக்குண்டவரை மீட்கும் முறையை ஆங்கிலம் அல்லது இந்தியிலும் அவ்வட்டார மொழியிலும் எழுதித் தொங்கவிட வேண்டும் என்றது அது. உயிர் காக்கும் செய்தி, அருகில் நிற்பவனுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. பிறமொழி நாட்டில் வாழும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

ஆனால் குளியலறையில் பிளக்கை எங்கே வைப்பது என்பது போன்ற நுணுக்கங்களைச் சட்டத்தில் தேடக்கூடாது. அவை நெறிமுறைகளில் அடங்கியவை. 1947ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியத் தர நிறுவனம், கட்டடங்களில் மின்கம்பி அமைப்பதற்கான 732ஆம் எண் நெறிமுறையை 1958ஆம் ஆண்டில் வெளியிட்டது. 1963, 1989, 2019 ஆகிய ஆண்டுகளிலும் அது திருத்தி வெளியிடப்பட்டுள்ளது. நிலத்தொடர்புக்கான 3043ஆம் எண் நெறிமுறை 1966ஆம் ஆண்டில் வந்தது. சட்டம் எல்லையை வகுக்கிறது. நெறிமுறை அவ்வெல்லைக்குள் நடக்கும் வழியைக் காட்டுகிறது.

நெறிமுறை வகுத்தோர் ஒரு சிக்கலைச் சந்தித்தனர். அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டது பெரும்பாலும் இங்கிலாந்தின் வழக்கம். இங்கிலாந்தில் குளியலறைக்குள் சாதாரண பிளக் நெடுங்காலம் அடியோடு விலக்கப்பட்டிருந்தது. சவரக் கருவிக்கு மட்டும், தனி மின்மாற்றி பொருத்திய சிறப்புத் துளை அனுமதிக்கப்பட்டது. விளக்கைக் கூடக் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்தே ஏற்றுவர். அவர்களுக்கு வெந்நீர் வேறோர் இடத்தில் காய்ந்து குழாய் வழியாக வரும். குளிப்பதோ தொட்டியில் படுத்து. தொட்டிக்கு வெளியே தரை பெரும்பாலும் உலர்ந்திருக்கும்.

நம் குளியல் வேறு. வாளியிலிருந்து மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறோம். தண்ணீர் சுவரில் தெறிக்கிறது. தரை முழுவதும் ஓடுகிறது. ஆறடிக்கு நான்கடி உள்ள அறையில் ஈரமான பகுதி எது, உலர்ந்த பகுதி எது என்று கோடு போட இடமில்லை. வெந்நீர்க் கருவியாகிய கீசரும் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறது. முற்றும் விலக்கினால் விதி ஏட்டில் மட்டுமே நிற்கும். ஆதலின் நம் நெறிமுறைகள் நடுவழியை மேற்கொண்டன. குளியலறையில் 130 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே பிளக் துளை அமைக்கக் கூடாது; சுவிட்ச் இயன்றவரை அறைக்கு வெளியே இருக்க வேண்டும்; துளை மூன்று முனை உடையதாகவும் நிலத்தொடர்பு பெற்றதாகவும் இருக்க வேண்டும் என்பன இவ்வழியில் வந்தவை. இன்றைய நெறிமுறை, நீர் தெறிக்கும் அளவைப் பொறுத்து அறையை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எக்கருவி தகும், எது தகாது என்று வரையறுக்கும் அனைத்துலக முறையையும் தழுவியுள்ளது.

மூன்று முனைப் பிளக்கின் அமைப்பை உற்று நோக்குங்கள். மேலே உள்ள முனை மற்ற இரண்டையும் விட நீளமானது, பருமனானது. செருகும்பொழுது அது முதலில் தொடும். பிடுங்கும்பொழுது கடைசியில் விடும். கருவிக்கு மின்சாரம் வரும் முன்பே காவல் வந்துவிடுகிறது. மின்சாரம் அகன்ற பின்பே காவல் அகல்கிறது. எத்துணைப் பொருத்தமான ஏற்பாடு! ஆனால் அம்முனையின் மறுபக்கம் கம்பி இல்லாவிடில் என்ன பயன்?

நாமே கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம். 1862ஆம் ஆண்டில் சோமசுந்தர முதலியார் நிறுவிய மஹ்பூப் கல்லூரியைப் போல், நம்மவர் சுவடு பதிந்த இடங்கள் பல உள்ள ஊர் செகந்திராபாத். பல ஆண்டுகளுக்கு முன் அங்கு மாரெட்பள்ளிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் நாம் குடியிருந்தோம். முன்கட்டிலும் ஒரு தமிழ்க் குடும்பமே இருந்தது. கிணற்றை ஒட்டிய தாழ்வாரத்தைத் தடுத்துப் பின்னாளில் கட்டிய குளியலறை அவர்களுடையது. ஒரு தை மாதக் காலையில் அவ்வீட்டு அம்மாள் குழாயைத் திறக்கக் கைவைத்தவர் அலறிக்கொண்டு வெளியே வந்து விழுந்தார். கை விலகிய நல்லூழால் உயிர் தப்பியது. அன்று மாலை வந்த வயர்மேன் பிளக் பெட்டியைக் கழற்றிக் காட்டினார். மூன்று துளைகள் இருந்தன. இரண்டு கம்பிகளே இருந்தன. எர்த் முனையின் திருகு ஒரு நாளும் தளர்த்தப்படாமல் புத்தம் புதிதாக மின்னியது. கீசருக்குள் இற்றுப்போன சூடேற்றும் கம்பியிலிருந்து மின்சாரம் நீர் வழியாகக் குழாய் வரை வந்து காத்திருந்தது.

வீட்டுக்காரரிடம் சென்று சொன்னோம். நல்ல மனிதர்தாம். ஆனால் அவர் சொன்ன விடை, “முப்பது ஆண்டுகளாக ஒன்றும் நேரவில்லையே!” என்பது. மின்சாரத்தின் இயல்பை அறியாத அனைவரும் கூறும் விடை அதுவே. விறகடுப்பு தன் ஆபத்தைக் காட்டும் என்று முன்னே சொன்னோம். மின்கசிவு காட்டாது. காப்பு உறை இற்றுப்போகும் நாள் வரை எல்லாம் சரியாகவே நடக்கும். அவர் மனத்தை மாற்றியது நம் சொல் அன்று, அந்த மின்னும் திருகுதான். அடுத்த வாரம் கம்பி வந்தது.

பியூஸ் இருக்கிறதே, அது காக்காதா என்று கேட்பவர் உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். நம் வீடுகளின் மின்னழுத்தம் 230 வோல்ட். நனைந்த உடலின் மின்தடை ஏறக்குறைய 1,000 ஓம் எனக் கொண்டால், உடல் வழியே பாய்வது 0.23 ஆம்பியர். பியூஸ் உருக வேண்டுமானால் 5 ஆம்பியருக்கோ 15 ஆம்பியருக்கோ மேல் பாய வேண்டும். மனிதன் மாள 0.23 ஆம்பியர் போதும், போதும் என்பதற்கு மேலும் உண்டு. பியூஸ் கம்பியைக் காக்கப் பிறந்தது. மனிதனைக் காக்கப் பிறந்ததன்று. 1882ஆம் ஆண்டின் அச்சம் தீயைப் பற்றியது என்று கண்டோமே, பியூஸ் அந்த அச்சத்தின் குழந்தை.

மனிதனைக் காக்கும் கருவி 1950களிலும் 1960களிலும்தான் உருப்பெற்றது. தென்னாப்பிரிக்காவில் தங்கச் சுரங்கத் தொழிலாளர் மின்தாக்குண்டு மடிவதைத் தடுக்க ஹென்றி ரூபின் என்பார் நுண்ணிய கசிவுக் காவல் கருவியை அமைத்தார். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், எவ்வளவு மின்னோட்டத்தில் மனிதன் பிடித்த பொருளை விட முடியாமல் போகிறான் என்பதை ஆராய்ந்தார். தாமே முன்வந்தவர்களைக் கொண்டு சோதித்தார். ஏறக்குறைய 10 முதல் 16 மில்லி ஆம்பியரிலேயே கைத்தசைகள் இறுகிவிடுகின்றன என்று கண்டார். அந்த ஆராய்ச்சியின் பயனாக 1961ஆம் ஆண்டில் அவர் ஒரு காவல் கருவியை உருவாக்கினார். 1975ஆம் ஆண்டில் அமெரிக்க மின்நெறித் தொகுப்பு, வீட்டுக் குளியலறைப் பிளக்குகளுக்கு அத்தகைய கருவி கட்டாயம் என்று விதித்தது.

அக்கருவியின் தத்துவம் கடைக்காரரின் கணக்குப் போன்றது. ஒரு கம்பியில் சென்ற மின்னோட்டம் மறு கம்பியில் குறையாமல் திரும்ப வேண்டும். சிறிது குறைந்தால், அது எங்கோ வழிதவறி நிலத்துக்குள் போகிறது என்பது பொருள். போகும் வழி மனித உடலாகவும் இருக்கலாம். கருவி வேறு எதையும் ஆராய்வதில்லை; ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. அதன் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், இக்காவல் கருவி வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவைத் தாண்டவிடக் கூடாது என்று வரையறுத்தன. 2023ஆம் ஆண்டில் அவ்வொழுங்குமுறைகள் புதுப்பிக்கப்பட்டன.

ஐதராபாத் வாசிகளுக்கு இக்கருவி ஒரு மடங்கு கூடுதலாகவே தேவை. காரணம் அந்நிலத்தின் இயல்பு. அந்நகரம் பழமையான கருங்கல் பாறையின் மேல் அமைந்தது. பஞ்சாரா மலைப் பகுதியில் வீட்டுக்கு வீடு பாறை தலை நீட்டும். காவிரிக் கரையின் வண்டல் மண்ணில் குழாயை இறக்கினால் ஈரமண் கிடைக்கும்; இங்கே சில அடியில் கல் முட்டும். ஆகையால்தான் குழி தோண்டிக் கரியும் உப்பும் மாறி மாறி நிரப்பி, நடுவில் குழாய் நட்டு, கோடையில் நீர் ஊற்றி வரும் பழக்கம் ஏற்பட்டது. உப்பு கரையும், குழாய் துருப்பிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் குழி வறண்டு போகும். குழியின் தடை 20 ஓமாக உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது கசியும் மின்சாரம் 11.5 ஆம்பியரைத் தாண்டாது. 15 ஆம்பியர் பியூஸ் உருகாமல் நிற்கும். கீசரின் உடல் மின்னேறியபடியே இருக்கும். 30 மில்லி ஆம்பியருக்கு விழித்தெழும் கருவியோ, அந்தக் குழியைக் கொண்டே தன் கடமையைச் செய்துவிடும். நிலத்தொடர்பும் காவல் கருவியும் ஒன்றுக்கொன்று பதில் அல்ல; ஒன்றுக்கொன்று துணை.

இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. முன்பெல்லாம் நிலத்தில் புதைந்த இரும்புத் தண்ணீர்க் குழாயோடு எர்த் கம்பியை முடிந்து விடுவது பல ஊர்களில் வழக்கம். பின்னர் இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. தெருவில் குழாயை மாற்றிய நாளிலேயே, வீட்டின் காவல் சொல்லாமல் கொள்ளாமல் அற்றுப்போயிற்று. பழைய வீட்டில் குடியேறுபவர், எர்த் கம்பி எங்கே போய் முடிகிறது என்று கேட்பது மிகையன்று.

தனியறையில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். கீசர் இல்லாத இடத்தில் அவர்கள் வாளியில் மூழ்கவைக்கும் ஹீட்டர் ராடைப் பயன்படுத்துகின்றனர். 1981ஆம் ஆண்டிலேயே வீட்டு மின்கருவிகளின் தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்து, இத்தகைய கருவிகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையை வற்புறுத்தியது. எனினும் முத்திரையில்லாத மலிவுச் சரக்கு நடைபாதையில் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. இரும்பு வாளியில் அதனை இடுவது வெளிப்படையான ஆபத்து. நீர் காய்ந்ததா என்று விரலை விட்டுப் பார்ப்பது அதனினும் பெரிய ஆபத்து. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கிய பின்னரே நீரைத் தொட வேண்டும். சுவிட்ச் தவறான கம்பியில் அமைந்திருந்தால், அணைத்த பின்னும் கருவியில் மின்சாரம் தங்கியிருக்கும். ஊரில் இருக்கும் தாயார், பிள்ளை குளிர்ந்த நீரில் குளித்துச் சளி பிடித்துக்கொள்வானே என்று கவலைப்படுகிறார். சளி ஒரு வாரத்தில் தீரும்.

வாடகை வீட்டில் இருப்பவர், இவையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று எண்ணக்கூடும். செலவு அவருடையது என்பது சரி; ஆனால் குளிப்பவர் நாம் அல்லவா? முன்பணம் கொடுக்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். கேட்க வேண்டியவை நான்கே. குளியலறைப் பிளக் நெஞ்சுயரத்துக்கு மேலும், குழாய்க்கு எட்டாமலும் இருக்கிறதா? அதற்கு எர்த் கம்பி உண்டா? கீசருக்குத் தனிக் கம்பியும் 16 ஆம்பியர் பிளக்கும் உண்டா? மெயின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் காவல் கருவி உண்டா? 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கு இட்ட மெல்லிய கம்பி அதனைத் தாங்காது. காவல் கருவி இருப்பின், அதன்மேல் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்து, அது விழுகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. ஐதராபாத்தில் தெலுங்கு பேசும் வயர்மேனிடம், “எர்த் உந்தா?” என்று கேட்கலாம். பழைய நகரத்து உருது பேசுபவரிடம், “எர்த் ஹை க்யா?” என்று கேட்கலாம். நம் ஊரில், “எர்த் இருக்கிறதா?” என்போம். வினைச்சொல் மாறுகிறதே ஒழிய, உயிர்ச்சொல் மூன்று மொழியிலும் ஒன்றே. இந்தியாவின் எந்த நகரத்துக்குச் சென்றாலும் அந்த ஒரு சொல் துணை வரும்.

மாரெட்பள்ளி அம்மாள் பின்னர் பல்லாண்டு நலமாக வாழ்ந்தார். அவ்வீட்டுக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் முதலில் குளியலறைக்கு அழைத்துச் சென்று, பிளக்கைக் காட்டி, மூன்றாவது கம்பி இருக்கிறது, அஞ்ச வேண்டாம் என்று சொல்லிவிட்டே காப்பி கொடுப்பார். 1882ஆம் ஆண்டு முதல் பல நாட்டு அறிஞர்கள் எழுதியும் திருத்தியும் வந்த விதிகளின் சாரத்தை அவர் தம் உடலால் ஒரே காலையில் கற்றார். நாம் அவ்வாறு கற்க வேண்டியதில்லை. இன்று மாலை வீடு திரும்பியதும், ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு நம் குளியலறைச் சுவரை ஒரு முறை நோக்குவோம். ஐயம் தோன்றினால், உரிமம் பெற்ற வயர்மேனை நாளைக்கே அழைப்போம்.